ஏழைக் கூண்டுக்கு ஒரு கை

அது கோழிப்பண்ணை இல்லீங்க தம்பி. இந்த பஸ்சுல சன்னலோரம் உக்கார்ற எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அந்தா, தென்னந்தோப்புக்குப் பின்னால, சுத்தி பிளாஸ்டிக் தாளு, மேல கூரை கெடையாது, வெளியில கம்பி வேலி, நாலு கூண்டு தெரியுதா? அதுக்குள்ள இருக்குறது உளுந்து. ஆமா, இட்லிக்கு ஆட்டுற அதே உளுந்துதான். எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா படுக்க எடம் கெடையாது, உளுந்துக்குத் தனித்தனியா ரூமு.

ரயில்வே கேட்டைப் போட்டுட்டான். இனிமே எக்ஸ்பிரஸ் போயி, அது பின்னாலயே கூட்ஸ் போயித்தான் தெறப்பான், அதுவரைக்கும் நீங்களும் நானுந்தான். கேட்டுக்குங்க. போன வருசம் அந்தக் கூண்டெல்லாம் எங்க இருந்துச்சு தெரியுமா? என் வயல்ல. ரோட்டை ஒட்டுன வயலு. பஸ்சுல போறவன் வர்றவன்லாம் ‘யாரு வயலுய்யா இது’ன்னு கேட்டுட்டுப் போன வயலு. இப்ப என் பங்காளி கலியமூர்த்தி வயல்ல, கோடியில போயி நிக்குது. மனுசன் கண்ணுல படக்கூடாதுன்னே கொண்டுபோயி வச்சிருக்காங்க. நல்லது செஞ்சவனுக்கு நாடு குடுக்குற மரியாதை இதுதான். என் பேரு உத்திராபதி, அகரவேலங்குடி. நான் எப்படிப்பட்டவன்னு ஊர்ல யாரை வேணா கேளுங்க. கலியமூர்த்தியை மட்டும் கேக்காதீங்க.

எமல்டான்னு ஒரு பொண்ணு. ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊரு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்குது. ஊசி போடுற டாக்டர் இல்ல, உளுந்து டாக்டர். என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, “அய்யா, உங்க வயல்ல ஒரு மூலை வேணும்”னுச்சு.

“எதுக்கும்மா?”

“காத்துல கரியமில வாயு ஏறிக்கிட்டே போகுதுங்கய்யா. இன்னும் முப்பது நாப்பது வருசத்துல ரொம்ப ஏறிடும். அப்ப உளுந்து எப்படி வளரும்னு இப்பவே பாக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஊர் உலகமெல்லாம் காரு ஓட்டுவானாம், பேக்டரி வச்சு பொகை விடுவானாம். காத்து கெட்டுப் போனதும் யாரைக் கேக்குறாங்க? ஓட்டுனவனையா? உளுந்தைக் கேக்குறாங்க. நீ என்னப்பா சொல்றே, உனக்கு ஒத்துக்குதான்னு. எங்க போர்ல தண்ணி உப்பு கரிக்குது, வாயில வைக்க முடியல, அதுக்கு எங்களுக்கு ஒத்துக்குதான்னு கேக்க ஒரு ஆளு வரல. சரி, பொண்ணு தூரத்துலேர்ந்து வந்துருக்கு, பாவம்னு குடுத்தேன். ரோட்டோர மூலையா பாத்துக் குடுத்தேன். நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான்.

கூண்டு கட்டுனாங்க. சிலிண்டர் வந்து எறங்குச்சு. என்ன கேஸுன்னு கேட்டா, சோடாவுல அடைக்கிற அதே கேஸாம். எங்க ஊர்ல வெயில்ல வேலை செய்யிறவனுக்கு ஒரு கோலி சோடா வாங்கித் தர நாதி கெடையாது, உளுந்துக்குக் குழாய் போட்டு சோடா. ரெண்டு கூண்டுக்கு கேஸு. ரெண்டு கூண்டுக்கு நம்ம குடிக்கிற சாதாக் காத்து. அதுக்கு நான் பேரே வச்சுட்டேன், பணக்காரக் கூண்டு, ஏழைக் கூண்டுன்னு. ரோட்டுப் பக்கம் எது இருந்துச்சுங்கிறீங்க? ஏழைக் கூண்டுதான். என் ராசி.

வெதைச்ச கூத்தைக் கேளுங்க. எங்க ஊர்ல உளுந்து வெதைக்கிறது ஒரு வேலையே இல்ல தம்பி. அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிக்கிற நெல்லுக்குள்ளயே வீசிட்டு வந்துடுவோம். ஈரத்துல அதுபாட்டுக்கு மொளைச்சுக்கும். இந்தப் பொண்ணு என்னான்னா, அறுத்து முடிச்ச வயல்ல ஸ்கேல் வச்சு அளந்து குழி போடுது. அதுக்கு முன்னாடி, ஆறுன சோத்துக்கஞ்சியில ஏதோ கிருமிப் பாக்கெட்டைக் கரைச்சு, வெதையைப் போட்டுப் பெரட்டி, நெழல்ல காய வைக்குது. என் பொண்டாட்டி அபயாம்பாளும் என் மக ரஞ்சனியும் காலேஜ் முடிச்ச மாதிரி பக்கத்துல உக்காந்துகிட்டு வாயைப் பொளந்து பாக்குறாங்க. ரஞ்சனி நெசமாவே காலேஜ் முடிச்சவதான். அவ அம்மாவைச் சொல்றேன்.

அந்தக் கிருமி என்ன பண்ணுமாம், வேர்ல போயி முடிச்சு முடிச்சாக் குடியிருக்குமாம். செடி எலையில சக்கரை காச்சி கீழ அனுப்புமாம். கிருமி அதைத் தின்னுட்டு, காத்துல இருக்குற தழைச்சத்தைப் புடிச்சு செடிக்குக் குடுக்குமாம். ரெண்டும் குடும்பம் நடத்துது. காத்துல கேஸு ஏறுனா எலை சக்கரையை அதிகமாக் காச்சும், கிருமிக்கும் அதிகமா சோறு கெடைக்கும், அப்ப தழைச்சத்தும் அதிகமாப் புடிக்குமா? இதுதான் அந்தப் பொண்ணோட கேள்வி. கேஸு ஏறுனா நெல்லுல சத்து கொறைஞ்சுடுதாம். உளுந்து தன் சத்தைத் தானே காப்பாத்திக்கிச்சுன்னா, நாளைக்கு ஏழைபாழைங்க தட்டுல அதுவாவது இருக்கும்னுச்சு. நல்ல எண்ணந்தான். நான் குத்தம் சொல்லல.

ஒரு நாள் எங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அபயாம்பாள்கிட்ட சொல்லிச்சு. அதுக்கு முந்துன வருசம் போட்ட பயிரு மழையில முழுகிப் போச்சாம். இதுவும் போச்சுன்னா இன்னொரு தடவை கேக்குறதுக்கே வாய் வராதாம். “படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிட வேண்டியதுதான் அம்மா”ன்னுச்சு. “நான் இருக்கேன்ல, பயிரை என்கிட்ட விடு”ன்னேன்.

“அய்யா, ஒண்ணே ஒண்ணுங்கய்யா. யூரியா மட்டும் பக்கத்துல கூடக் கொண்டு வந்துடாதீங்க.”

“நான் என்னம்மா பச்சப்புள்ளையா?”ன்னு கேட்டேன். பொறந்ததுலேர்ந்து விவசாயம் பண்றவன்கிட்ட சொல்ற பேச்சா அது?

பணக்காரக் கூண்டுல பயிரு தளதளன்னு கெளம்பிடுச்சு. ஒரு செடியைப் புடுங்கிக் காட்டிச்சு. வேர்ல கம்பு மணி சைசுல முடிச்சு. நகத்தால கிள்ளுனா உள்ள செக்கச்செவேல்னு, ரத்தம் மாதிரி. “செவப்பா இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தங்கய்யா”ன்னு சொல்லும்போது அந்தப் பொண்ணு மொகத்தைப் பாக்கணுமே, தலைப்பிள்ளை பெத்தவ மாதிரி. அழகாத்தான் இருந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா ரோட்டோரத்து ஏழைக் கூண்டைப் பாருங்க, வெளிறிப்போயி, மஞ்சப் பாஞ்சு, பாக்கவே சகிக்கல.

“என்னம்மா இது?”ன்னேன்.

“அது அப்படித்தாங்கய்யா. வெதையில இருந்த சத்து தீந்துடுச்சு, முடிச்சு இன்னும் வேலைய ஆரம்பிக்கல. நடுவுல கொஞ்ச நாளு பசிக்கும். பசிச்சாத்தான் செடி கிருமியைத் தேடிப் போகும். ஒரு வாரம் பத்து நாளு பொறுங்க, தானா பச்சையாயிடும்.”

பசிக்கட்டுமாம்! பெத்த புள்ளை பசியில வாடும்போது, பசிக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா தம்பி? படிக்கப் படிக்க நெஞ்சுல ஈரம் வத்திடும் போலருக்கு.

அந்த நேரம் பாத்து ரஞ்சனிக்கு ஒரு எடம் வந்துச்சு. மாப்பிள்ளை திருச்சியில வேலை. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர்றாங்க. எந்த வழியா வருவாங்க? இந்த ரோட்டு வழியாத்தான். வந்ததும் மொதல்ல எது கண்ணுல படும்? என் வயலு. வயலைப் பாத்து ஆளை எடை போடுறதுதானே நம்ம பக்கத்து வழக்கம். டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், “என்னண்ணே, உங்க உளுந்துக்கு மஞ்சக்காமாலையா?”ன்னு. எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துற மாதிரி கலியமூர்த்தி வந்து, “அண்ணே, சம்மந்தி வர்றப்ப அந்தப் பக்கம் ஒரு பழைய சேலையக் கட்டி மறைச்சுடுங்க”ங்கிறான். அத்தனை பேரும் சிரிக்கிறான். பாதி பன்னை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

புதன்கிழமை எமல்டா மன்னார்குடிக்கு மாதா கோயிலுக்குப் போச்சு. அவங்களுக்கு அன்னைக்கு நெத்தியில விபூதி வைக்கிற நாளாம். “அப்படியே காலேஜுக்குப் போயிட்டு அடுத்த வாரந்தான் வருவேன், கூண்டைப் பாத்துக்கங்கய்யா”ன்னு என்கிட்டதான் சொல்லிட்டுப் போச்சு. என்கிட்ட. வேற யாருகிட்டயும் இல்ல. அந்த நம்பிக்கைய நான் காப்பாத்த வேணாமா? அபயாம்பாளோட அரிசி களையிற குண்டான்ல யூரியாவை எடுத்துக்கிட்டுப் போனேன். ஏழைக் கூண்டு ரெண்டுக்கும் ஒரு கை, ஒரு கை. மேல கூரை இல்லாதது எவ்வளவு வசதி பாருங்க. பூவாளியால தண்ணி தெளிச்சேன். திரும்பி வரலாம்னு பாத்தா மனசு கேக்கல. பந்தியில ஒரு எலைக்குப் பாயசம் ஊத்திட்டு, அடுத்த எலையைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்? எங்க வீட்டுப் பந்தியில அந்தப் பழக்கமே கெடையாது. பணக்காரக் கூண்டா இருந்தா என்ன, அதுவும் உளுந்துதானே. அதுக்கும் ஆளுக்கு ஒரு கை போட்டேன். ஓரவஞ்சனை நம்ம ரத்தத்துலயே இல்லீங்க.

வீட்டுக்கு வந்தா அபயாம்பாள் குண்டானைத் திருப்பித் திருப்பிப் பாக்குறா. “இதுல என்ன வெள்ளை வெள்ளையா ஒட்டியிருக்கு?”ன்னா. “கல்லுப்பு”ன்னேன். மோந்து பாத்தா. கழுவிக் கவுத்து வச்சுட்டா. நல்ல பொம்பளை, எதையும் பெருசு பண்ண மாட்டா.

ஞாயித்துக்கிழமை பாருங்க, நாலு கூண்டும் ஒரே பச்சை. எது ஏழை, எது பணக்காரன்னு எனக்கே தெரியல. சமத்துவம்! எத்தனை கட்சி கொடி புடிச்சும் வராதது, குண்டான் யூரியாவுல வந்துடுச்சு. சம்மந்தி வீட்டுக்காரங்க வந்தாங்க. எந்த வழியா வந்தாங்கன்னு நெனைக்கிறீங்க? பைபாஸ் வழியா. போன்ல ஒரு பொம்பளை வழி சொல்றாளே, அவ சொன்னாளாம், அந்தப் பக்கம் திரும்புன்னு. வயலைப் பாக்கவே இல்ல. விட்டேனா நான்? கேசரி சாப்பிட்ட கையோட, “வாங்க, அப்படியே காலாற நடந்துட்டு வருவோம்”னு மாப்பிள்ளையோட அப்பாவை ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

அவரு பயிருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னு ரோட்டைப் பாக்குறாரு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாத்துட்டு, “இது எத்தனை அடி ரோடுங்க?”ன்னாரு. அப்புறம் சொன்னாரு, “இதுல எதுக்குங்க உளுந்தைப் போட்டுக்கிட்டு? பிளாட் போட்டா நல்லாப் போகுமே. புள்ளைங்களுக்கும் ஆகும்.”

எனக்கு எப்படி இருந்துருக்கும் சொல்லுங்க. வீட்டுக்குள்ள இருந்த ரஞ்சனிக்கு இந்தப் பேச்சை யாரு சொன்னாங்களோ, இந்த எடம் வேணாம்னுட்டா. நானே வேணாம்னு சொல்லத்தான் இருந்தேன், அதுக்குள்ள முந்திக்கிட்டா.

அடுத்த வாரம் எமல்டா செடி புடுங்க வந்துச்சு. தூரத்துலேர்ந்து பச்சையப் பாத்ததும் ஓடி வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. கிட்ட வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. ஏழைக் கூண்டுல ஒரு செடியைப் புடுங்கி வாளித் தண்ணியில வேரை அலசிச்சு. வேரு வழவழன்னு இருக்கு. இன்னொண்ணு. அதுவும் அப்படித்தான். அங்கங்க கடுகு மாதிரி ரெண்டு, கிள்ளுனா உள்ள வெள்ளை. பணக்காரக் கூண்டுக்கு ஓடிச்சு. அங்க முடிச்சு இருந்துச்சு, ஆனா கிள்ளுனா செவப்பு இல்ல, பாசி மாதிரி பச்சையா என்னமோ. ரஞ்சனிதான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வேரா அலசிக் குடுத்தா. கடைசியில அந்தப் பொண்ணு சேத்துக் கையோட மொகத்தைப் பொத்திக்கிட்டு வரப்புல உக்காந்து அழுதுச்சு. எனக்கே பாக்கப் பொறுக்கல தம்பி, சத்தியமா. பொண்ணு பெத்தவன் நானு.

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்மா. ரோட்டோரம்ல, எவன் கண்ணோ பட்டுடுச்சு”ன்னு சொல்லிட்டு, ஒரு பூசணிக்காய வாங்கிட்டு வந்து நாலு கூண்டையும் சுத்தி நடுரோட்டுல உடைச்சேன். என் சொந்தச் செலவு. அதையெல்லாம் யாரு நெனைச்சுப் பாக்குறா?

மறுநாள் காலையில அபயாம்பாள் அந்தப் பொண்ணுக்கு வயலுக்குக் காப்பி எடுத்துட்டுப் போனா. ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தா, ஆறுதலாத்தான் இருக்கும். மத்தியானம் எமல்டா வீட்டுக்கு வந்து, “அய்யா, யூரியா போட்டீங்களா?”ன்னு கேட்டுச்சு. நான் பொய் சொல்றவன் இல்ல. “யாரும்மா சொன்னது?”ன்னு மட்டும் கேட்டேன்.

அது திட்டல. சத்தம் போடல. நின்ன எடத்துலயே நின்னுகிட்டு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிச்சு. “யூரியா வெளியிலேர்ந்து சும்மா கெடைச்சா, செடி கிருமிக்குச் சோறு போடுறதை நிறுத்திடுங்கய்யா. அப்புறம் கேஸு குடுத்ததால தழைச்சத்து ஏறுச்சா, நீங்க போட்டதால ஏறுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது.” அப்புறம், “பரவாயில்லங்கய்யா”ன்னுச்சு. அந்தப் பரவாயில்லதான் தம்பி இன்னைக்கு வரைக்கும் நெஞ்சுல முள்ளாட்டம் குத்துது. ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு நிம்மதியா இருந்துருப்பேன். கூண்டைப் பிரிச்சு ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு.

போட்டுக் குடுத்தது யாருங்கிறீங்க? சந்தேகமே இல்ல, கலியமூர்த்திதான். வேற எவனுக்குத் தெரியும்? நான் போட்டப்ப அங்க ஈ காக்கா இல்ல. அப்ப எங்கேயோ மறைஞ்சு நின்னு பாத்துருக்கான்னுதானே அர்த்தம்? அதுக்குக் கூலிதான் இப்ப அவன் வயல்ல கூண்டு. யாரு காலைப் புடிச்சுச்சோ, அந்தப் பொண்ணு இன்னும் ஒரே ஒரு பருவம் வாங்கிட்டு வந்துருக்கு. சிலிண்டருக்கு அதோட அம்மா கம்மல் போயிடுச்சாம். இதோட சரி, இதுக்கு மேல கெடையாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க.

இந்தத் தடவை ரோட்டோரம் வேணாம்னுட்டு கோடிக்குப் போயிட்டாங்க. வேலி, கேட்டு, பூட்டு. காவலுக்கு ஒரு ஆளு. யாரு அந்தக் காவல்? என் பொண்டாட்டி. சிரிக்காதீங்க. ரஞ்சனியும் தெனம் அங்கதான், எலை எண்ணிக்கிட்டு கெடக்கா, அடுத்த வருசம் அதே படிப்பு படிக்கப் போறாளாம். பூட்டுச் சாவி அபயாம்பாள் இடுப்புல. தாலி கட்டுன புருசன், நேத்து போயி வேலிக்கு வெளியில நிக்கிறேன். “தெறடீ, பாத்துட்டுப் போறேன்”னேன்.

“அங்கேர்ந்தே பாருங்க”ன்னா.

“நான் என்ன திருடனா?”

“திருடனா இருந்தாக்கூட உள்ள விட்டுடலாம். உங்களுக்கு மனசு கேக்காது.”

எப்படிப் பேசுறா பாருங்க. நானும் விடல. “எல்லாம் அந்தக் கலியமூர்த்தியால வந்தது. அவன் மட்டும் அன்னைக்குப் போட்டுக் குடுக்கலேன்னா...”ன்னு ஆரம்பிச்சேன். அவ பூவாளியக் கீழ வச்சுட்டு, நேரா என் மொகத்தைப் பாத்து, “நான்தான் சொன்னேன். குண்டானை மோந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு அந்தப் பொண்ணு அழுவுற வரைக்கும் பாத்தேன். சொல்லல”ன்னா.

என்னா சாமர்த்தியம் பாத்தீங்களா? காவல் காக்குறது அவன் வயலாச்சே, கலியமூர்த்தி பேரு கெட்டுடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில தூக்கிப் போட்டுக்குறா! என் பொண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? இத்தனை வருசத்துல எனக்கு எதுத்து ஒரு வார்த்தை பேசுனவ இல்ல.

அது கெடக்கட்டும். கூட்ஸும் போயிடுச்சு, தெறந்துட்டான். பஸ் தோப்பைத் தாண்டும்போது நல்லா எட்டிப் பாருங்க. அந்தா, இந்தப் பக்கத்து ரெண்டு கூண்டு. மஞ்சளா இருக்கா? வெளிறிப்போயி இருக்கா? நேத்தே பாத்துட்டேன். போன வருசம் இருந்த அதே கோலம். கேட்டா பசிக்கட்டுங்கிறாங்க. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல தம்பி. அம்மா கம்மலை வித்துப் போட்ட பயிரு, கண்ணு முன்னால காஞ்சு சாவுது, ஒருத்திக்கும் இரக்கம் இல்ல. அந்தப் பொண்ணு படிப்பு பாழாப் போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. வேலி என்ன பெரிய வேலி, என் நெஞ்சு ஒசரந்தான். வெளியில நின்னு வீசுனாலே போயி விழும்.

கண்டக்டர்! எனக்கு ஊருக்குள்ள வேணாம்பா, கடைத்தெருவுலயே எறக்கி விட்டுடு. உரக்கடைக்காரன் சாப்பாட்டுக்குச் சாத்திட்டுப் போயிடுவான்.